மருந்து நடுக்கினால் மருந்தை விட்டு ஓடலாமா?

பாம்புக்கடி ஊசியின் பக்கவிளைவுகளும் தாதியின் பராமரிப்பும்

2011ஆம் ஆண்டு மாசி மாதம். வன்னியில் காலபோக நெல் அரிவு வெட்டுக்கு வந்திருந்தது. முகாமிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் இரவல் விதைநெல்லும் கடன் பசளையுமாய்ப் போட்ட முதற் பயிர் அது. விடியப்புறம் வரம்பில் கிடந்த கதிர்க்கட்டைத் தூக்கப் போன குடும்பத் தலைவரின் கணுக்காலில் புடையன் கடித்தது. மனைவியின் தம்பி அவரை லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, ஒரு மணித்தியாலத்திற்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

வைத்தியசாலையில் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் வைத்தார்கள். இரத்தம் உறையவில்லை. விஷம் ஏறியிருப்பது உறுதியாயிற்று. சேலைனில் கலந்து விஷ எதிர்ப்பு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கால் மணித்தியாலம் போயிருக்கும். அதுவரை கதைத்துக்கொண்டிருந்த மனிதர் உடம்பைச் சொறியத் தொடங்கினார். நெஞ்சிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் எழும்பின. சத்தி எடுத்தார். பின்னர் மூச்சு இழுத்தது.

வாசலில் நின்ற மைத்துனர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். "ஊசி போடுமட்டும் நல்லாக் கதைச்சவர். ஊசிதான் அவரைக் கொல்லுது. கழட்டுங்கோ, நாங்கள் பரியாரியாரிட்டைக் கொண்டு போறம்" என்று சத்தமிட்டார். அக்காவும் அழத் தொடங்கினார்.

தாதி அதற்கு முன்னரே மருந்துக் குழாயை மூடி, தொடையில் வேறோர் ஊசி போட்டு, நோயாளியின் நாடியைப் பிடித்தபடி நின்றார். இருபத்தைந்து வயதுகூட இராத பிள்ளை. கையை எடுக்காமலே சொன்னார்: "அண்ணை, இது பாம்பின்ர விஷம் இல்லை, மருந்து செய்யிற வேலை. இதுக்கும் மருந்து இருக்கு, அதைத்தான் இப்ப போட்டனான். இது அடங்கினதும் திரும்ப ஏத்துவம். இப்ப கொண்டு போனா வழியிலை விஷம்தான் மிஞ்சும்."

மைத்துனர் நின்றுவிட்டார். சில நிமிடங்களில் மூச்சிழுப்புத் தணிந்தது. மருந்தை மெதுவாக மீண்டும் ஏற்றினார்கள். ஆறாம் நாள் அந்த மனிதருக்கு டிக்கற் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று அந்த மைத்துனர் கேட்டது நம்மில் பலரின் மனதிலும் இருக்கும் கேள்விதான். உயிர் காக்கும் மருந்து எப்படி ஆளையே நடுக்குகிறது? அப்படி நடுக்கினால் அதை ஏன் மறுபடியும் ஏற்றுகிறார்கள்? இதற்கு விடை தெரியாமையால் பாதி வைத்தியத்தில் நோயாளியைத் தூக்கிச் சென்ற குடும்பங்கள் உண்டு. அப்படிக் கொண்டு போகப்பட்ட ஓர் இளைஞரை இரண்டு நாள் கழித்துச் சலம் முற்றாக நின்ற நிலையில் திருப்பிக் கொண்டுவந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இம்முறை இந்த மருந்தைப் பற்றியும் அதன் பக்கவிளைவுகளைப் பற்றியும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2016ஆம் ஆண்டு வெளியான நாடளாவிய வீட்டுக்கு வீட்டு ஆய்வொன்றின்படி, இலங்கையில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கவனிக்கப்படாமைக்குக் காரணம் தேடிப் போகத் தேவையில்லை. கடிபடுகிறவர்கள் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் ஏழைகள்.

இடம்பெயர்ந்த விவசாயிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணி பற்றைக்காடாகியிருக்கும். இடிந்த சுவர்களுக்கும் பழைய பங்கருக்கும் இடையில் பாம்புக்கு நல்ல இருப்பிடம் கிடைக்கிறது. கொட்டிலின் மூலையில் நெல் மூட்டை அடுக்கினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை எண்ணெய் விரியன் நித்திரையிலேயே கடித்துவிடுகிறது. அந்தக் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. காலையில் வயிற்று வலியும் கண் இமைச் சோர்வும் வந்த பின்னரே பலருக்கு விளங்குகிறது.

அந்த ஊசியில் என்ன இருக்கிறது?

பாம்பின் விஷத்தை மிகச் சிறிய அளவில், பல தடவைகள், குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த விஷத்தை முறிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்கும். அந்த இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சுத்திகரித்து, உலர்த்தித் தூளாக்கிக் குப்பியில் அடைப்பார்கள். இதுவே விஷ எதிர்ப்பு மருந்து. விலங்கின் இரத்தத்திலிருந்து இப்படி மருந்து பெறலாம் என்பதை 1894ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த அல்பேர் கல்மெத் அறிவித்தார். அதே காலத்தில் பிசாலி, பெர்த்ரான் என்ற வேறு இரு பிரெஞ்சு ஆய்வாளரும் அதையே தனித்துக் கண்டறிந்தனர்.

இலங்கை வைத்தியசாலைகளில் வழங்கப்பட்டு வருவது இந்தியாவில் தயாராகும் மருந்து. இந்தியாவில் இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வந்துள்ளது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்த ஒரு பழங்குடி மக்கள், தம் கைத்திறனை உயிர் காக்கும் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது.

இந்த மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை முறிக்கும். அவை நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன் எனப்படும் புடையன், சுருட்டை விரியன் ஆகியன. ஆயினும் இந்தியப் பாம்பின் விஷமும் இலங்கைப் பாம்பின் விஷமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. எனவே குப்பிகள் பல வேண்டியிருக்கின்றன. பொதுவாகப் 10 குப்பியில் தொடங்குவார்கள், புடையன் கடிக்கு 20 குப்பியும் செல்லலாம். சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பிள்ளை சிறியது என்பதற்காகப் பாம்பு குறைத்து விஷம் விடுவதில்லையே!

உடல் ஏன் கிளர்ந்தெழுகிறது?

இந்த மருந்து குதிரையின் புரதம். நம் உடலுக்கு அது அந்நியப் பொருள். முள் தைத்த இடம் சிவந்து வீங்குவதுபோல, அந்நியப் புரதம் உள்ளே வந்தால் உடல் முழுவதும் கிளர்ந்தெழலாம். இந்த எதிர்விளைவுகள் மூன்று வகையானவை. ஒவ்வொன்றும் வரும் நேரம் வேறு. அந்த நேரத்தை அறிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, உடனடி ஒவ்வாமை. மருந்து ஏறத் தொடங்கிச் சில நிமிடங்களிலிருந்து மூன்று மணித்தியாலம் வரையில் இது வரலாம். சொறிவு, தடிப்பு, இருமல், சத்தி, வயிற்றுப் பிசைவு என்று தொடங்கும். கடுமையானால் முகமும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் விழும். உயிராபத்தான வகை இதுதான்.

இரண்டாவது, குளிர் நடுக்கக் காய்ச்சல். பெரும்பாலும் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் வரும். மருந்து தயாரிக்கும்போது கலந்துவிடக்கூடிய நுண்ணுயிர்க் கழிவுகளே இதற்குக் காரணம். பல்லுக் கிட்டி நடுங்குவதைப் பார்க்கப் பயமாக இருக்கும். உடலைக் குளிர்த்தி, பரசிற்றமோல் கொடுத்து, நீராகாரம் ஏற்றினால் தணியும். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் காய்ச்சலால் வலிப்பு வரக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

மூன்றாவது, பிந்திய நோய். வீட்டுக்கு வந்த பின்னர், ஏறத்தாழ ஒரு கிழமை கழித்து வரும். இதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இந்த எதிர்விளைவுகள் எவ்வளவு பேருக்கு வருகின்றன? நம் நாட்டிலேயே மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு வகை எதிர்விளைவு வந்தது. அவ்விதம் வந்தவற்றில் நூற்றுக்கு 43 கடுமையானவை. நூற்றுக்கு 89 முதல் ஒரு மணித்தியாலத்திற்குள் வந்துவிட்டன.

இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அந்த ஆய்வின் நோக்கமே எதிர்விளைவைத் தடுக்கும் வழியைக் காண்பதுதான். அட்ரினலின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில், விஷ எதிர்ப்பு மருந்துக்கு முன்னரே, தோலின் கீழ் போட்டால், முதல் ஒரு மணித்தியாலத்தில் வரும் கடுமையான எதிர்விளைவுகள் நூற்றுக்கு 43 வீதத்தால் குறைகின்றன என்று அது காட்டியது. அதுவரை பல இடங்களில் நம்பிக்கையோடு போட்டுவந்த வேறு இரு ஊசிகள் அவ்வாறு தடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. வயற்கரையில் கடிபட்டு வந்த ஏழை விவசாயிகளே அந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள். அவர்கள் தந்த பாடம் பிற நாட்டாருக்கும் பயன்படுகிறது.

முதலில் தோலில் ஒரு துளி போட்டுச் சோதித்துவிட்டு ஏற்றலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சோதனையை வைத்து யாருக்கு எதிர்விளைவு வரும், யாருக்கு வராது என்று சொல்ல முடியாது. சோதனைக்குக் காத்திருக்கும் நேரத்தில் விஷம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

"டொக்டர் ஏன் ஊசி போடவில்லை?"

ஒருபுறம் ஊசியைக் கண்டு ஓடுகிறோம். மறுபுறம் ஊசி போடாவிட்டால் டொக்டரோடு சண்டைக்குப் போகிறோம். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். கடிபட்ட 80,000 பேரில் விஷம் ஏறியவர்கள் 30,000 பேர்தான். மற்றவர்களைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருக்கலாம், அல்லது விஷப்பாம்பே விஷம் விடாமல் கடித்திருக்கலாம். அவர்களுக்கும் மருந்தை ஏற்றினால் பயன் எதுவுமில்லை, பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும்.

இன்னொரு பாம்பும் உண்டு. முகம் சற்று மேல்நோக்கி வளைந்த, சிறிய, சருகு நிறக் குழி விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். தோட்டங்களில் சருகுக்கடியில் கிடக்கும். இலங்கையில் அதிகம் கடிக்கும் பாம்புகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மட்டுமே வரும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதடையும். இந்திய மருந்து இதன் விஷத்தை முறிக்காது. எனவே இந்தக் கடிக்கு அந்த ஊசியை ஏற்றாமல் நோயாளியைக் கவனமாகப் பார்த்து வைத்தியம் செய்வார்கள்.

ஆகவே டொக்டர் காத்திருந்து, இரத்தம் உறைகிறதா, இமை சோர்கிறதா என்று பார்ப்பதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். எந்த மருந்துக்கும் பயன் ஒரு தட்டிலும் பாதிப்பு மறு தட்டிலும் உண்டு. விஷம் ஏறியவருக்குப் பயனின் தட்டுத் தாழ்கிறது, ஏறாதவருக்குப் பாதிப்பின் தட்டுத் தாழ்கிறது.

தாதி எதைப் பார்க்கிறார்?

மருந்தை எழுதுபவர் வைத்தியர். அது உடலுக்குள் செல்லும்போது அருகில் நிற்பவர் தாதி. சேலைனை மாட்டிவிட்டுப் போவதற்கும் அருகில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த மருந்தில் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வித்தியாசமாகிவிடலாம்.

மருந்து ஏற்றுமுன் அட்ரினலின் ஊசியில் இழுத்து ஆயத்தமாக இருக்கிறதா, ஒக்சிசன் அருகில் இருக்கிறதா என்று தாதி பார்ப்பார். ஏற்றத் தொடங்கியதும் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப அளப்பார். சொறிவு தொடங்கினாலே மருந்தை நிறுத்தி வைத்தியரைக் கூப்பிடுவார். அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும். குறையாவிட்டால் சில நிமிடங்களில் மறுபடியும் போடப்படும். நோயாளியைப் படுக்க வைத்தே பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் விழுந்தவரைச் சட்டென்று எழுப்பி இருத்துவது ஆபத்து.

அட்ரினலினுக்கும் பக்கவிளைவு உண்டு. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும், மனதில் ஒரு பதற்றம் வரும். சற்று நேரத்தில் அது தணிந்துவிடும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிற்றன் போன்ற மருந்தோ நித்திரையைத் தரும். இங்கேதான் தாதியின் அனுபவம் வேலை செய்கிறது. எண்ணெய் விரியன், நாகம் ஆகியவற்றின் விஷமும் இலங்கைப் புடையனின் விஷமும் கண் இமையைச் சோர வைக்கும். கண் மூடிக் கிடப்பவர் மருந்தினால் தூங்குகிறாரா, விஷத்தினால் இமை திறக்க முடியாமல் கிடக்கிறாரா? அதை அறியத்தான் தாதி அடிக்கடி தட்டி எழுப்புகிறார். "மேலை பாருங்கோ ஐயா, தலையைத் தூக்குங்கோ, பலமா மூச்செடுங்கோ" என்கிறார். "படுக்கவும் விடுகினம் இல்லை" என்று நாம் கோபிக்கக் கூடாது.

சலத்தை அளந்து எழுதுவதும் அதுபோலவே. புடையனின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும். சலம் குறைவதும், கறுத்து அல்லது சிவந்து போவதும் முதல் அறிகுறிகள். ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் கழித்து இரத்தம் உறைகிறதா என்று மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் உறையாவிட்டால் மருந்தை மறுபடியும் ஏற்ற வேண்டி வரும். ஊசி போடும் இடங்களையும் தாதி அழுத்திப் பிடித்துப் பார்ப்பார். இரத்தம் உறையாதவருக்கு ஒரு சிறு குத்துக்கூட வடிந்துகொண்டே இருக்கும்.

உறவினர் செய்யக்கூடியவை

ஒரு வாட்டில் ஒரு தாதி பலரைப் பார்க்க வேண்டியிருக்கும். கட்டிலருகே இருக்க உறவினர் ஒருவருக்கு அனுமதி கிடைத்தால், அவருடைய இரண்டு கண்களும் தாதிக்கு உதவியாகும். அழுதுகொண்டிருப்பதிலும் பார்க்கப் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. கடித்த நேரத்தைச் சொல்லுங்கள். பாம்பைக் கண்டிருந்தால் அதன் நிறம், தடிப்பு, நீளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். தூரத்தில் நின்று தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் நல்லது. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்கவோ உயிரோடு பிடித்துக்கொண்டு வரவோ வேண்டாம்.

2. நோயாளிக்குத் தொய்வு உண்டா, முன்னர் எந்த மருந்தாவது ஒவ்வாமற் போனதா, முன்னொரு தடவை பாம்புக்கடிக்கு ஊசி ஏற்றினார்களா என்பதைக் கேட்காமலே கூறுங்கள். பெண்ணாயின் கர்ப்பமாக இருப்பதையும் சொல்லுங்கள்.

3. அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ பாவிக்கும் குளிசைகளைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள். அத்தினோலோல், புரொப்பிரனோலோல் போன்ற சில குளிசைகள் அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும். அது முன்னரே தெரிந்தால் வைத்தியர் அதற்கேற்ப ஆயத்தமாவார்.

4. பரியாரியாரிடம் போய்வந்திருந்தால் மறைக்க வேண்டாம். குடிக்கக் கொடுத்தது, பூசியது, மூக்கில் விட்ட நசியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. மருந்தின் பக்கவிளைவா, விஷமா, முன்னர் கொடுத்த சரக்கா என்று பிரித்தறிய அது உதவும்.

5. மருந்து ஏறும்போது நோயாளி சொறிந்தாலோ, இருமினாலோ, குளிருது என்றாலோ, நெஞ்சு அடைக்குது என்றாலோ உடனே கூப்பிடுங்கள். "மிஸ்ஸைக் கரைச்சல்படுத்துவான் ஏன்" என்று பொறுத்திருக்க வேண்டாம். சேலைன் வேகத்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

6. வலிக்கு அஸ்பிரின், டைக்குளோபினக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாதவருக்கு அவை இரத்தக் கசிவைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

7. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். என்ன மருந்து ஏற்றுகிறீர்கள், என்ன வரக்கூடும், வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அமைதியாகக் கேட்டால் பெரும்பாலான தாதியர் அமைதியாகவே பதில் சொல்வார்கள். விளக்கம் சொல்லாமல் விடுவதும் சில இடங்களில் நடக்கிறது. அந்த இடங்களில் வைத்தியரிடமோ தாதிப் பொறுப்பாளரிடமோ மறுபடி கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்னர்

மேலே கூறிய குடும்பத்தின் கதை ஆறாம் நாளோடு முடியவில்லை. கடித்த ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முழங்காலும் மணிக்கட்டும் வலித்தன. உடம்பு மறுபடியும் சொறிந்தது. அயலவர்கள் கூடி, "விஷம் முழுக்க இறங்கேல்லை, திரும்ப ஏறுது" என்றார்கள். அந்தத் தாய் மாத்திரம் டிக்கற் வெட்டும்போது தாதி சொன்னதை நினைவில் வைத்திருந்தார்: "ஒரு கிழமை, பத்து நாளிலை காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தாப் பயப்படாதேங்கோ அம்மா. இந்தக் காட்டையும் கொண்டு திரும்ப வாங்கோ."

இதுவே மூன்றாவது வகை எதிர்விளைவு. உடல் அந்தக் குதிரைப் புரதத்துக்கு எதிராகத் தானே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, இரண்டும் சேர்ந்து இரத்தத்தில் சுற்றுவதால் வருவது. மருந்து ஏற்றி ஒன்று முதல் பன்னிரண்டு நாட்களில், பெரும்பாலும் ஏழாம் நாளையொட்டி வரும். நெறி கட்டுவதும் உண்டு. ஒவ்வாமைக்கான குளிசையும், தேவையானால் சில நாட்களுக்கு பிரெட்னிசொலோனும் கொடுத்தால் குணமாகும். விஷம் திரும்பி ஏறியதாக எண்ணி வேறு வைத்தியத்துக்கு அலையத் தேவையில்லை. ஆனால் காய்ச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். கடித்த காயத்தில் சீழ் பிடித்திருக்கலாம், சிறுநீரகம் பழுதடைந்திருக்கலாம். எனவே வீட்டில் இருந்து தீர்மானிக்காமல் வைத்தியசாலைக்கே திரும்புங்கள். சலம் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

டிக்கற் வெட்டும்போது தரும் காட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மருந்து, எத்தனை குப்பி, என்ன எதிர்விளைவு என்பன அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதித் தரும்படி கேளுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நம்மில் பலர் பிறப்புப் பத்திரத்தையும் காணி உறுதியையும்கூட இழந்தோம். அடையாள அட்டையை வைக்கும் பொலித்தீன் பைக்குள்ளே இந்தக் காட்டையும் வையுங்கள். மறுமுறை கடிபட்டால், முன்னர் கடும் ஒவ்வாமை வந்தவர் என்ற ஒரு வரி உயிரைக் காக்கும். முன்னர் ஒவ்வாமை வந்தவருக்கு அந்த மருந்தே போட முடியாது என்பதும் தவறு. விஷம் உயிரைக் கொல்லும் என்றால், கூடுதல் ஆயத்தத்தோடு அதே மருந்தைப் போடத்தான் வேண்டும்.

கடிபட்ட உடனே

கடிபட்டவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, இறுக்கமான உடுப்பு இவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ தடி ஒன்றோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுடுவது எல்லாம் கேடு விளைவிக்கும். சத்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அரசாங்க வைத்தியசாலையில் இந்த மருந்துக்குப் பணம் இல்லை. ஒரு குப்பியின் விலையை எண்ணிப் பயந்து எவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கடிபடாமல் இருக்கவும் சில சிறு வழிகள் உண்டு. நிலத்தில் படுப்பதைத் தவிருங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். இரவில் வெளியே போகும்போது ரோச் லைட்டோடு போங்கள். கதிர்க்கட்டையும் விறகையும் தடியால் புரட்டிப் பார்த்துத் தூக்குங்கள். நெல் மூட்டையைப் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஒரு வார்த்தை

பரியாரியாரைத் தேடி நம் மக்கள் ஓடுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அவர் நம்மவர், நமக்குத் தெரிந்தவர், கையைப் பிடித்துப் பேசுபவர். பெரிய வைத்தியசாலையின் வாசலில் ஏழை மனிதன் தனியனாகிவிடுகிறான். அன்று அந்த இளம் தாதி மருந்தோடு சேர்த்து ஒரு விளக்கத்தையும் கொடுத்தார். கோபத்தோடு வந்த மைத்துனரை நிறுத்தியது அந்த விளக்கம்தான். நல்ல பராமரிப்பில் அதுவும் ஒரு பங்கு.

அந்த மைத்துனர் இப்போது தம் ஊரில் பாம்புக்கடி என்றதும் முதலில் கூப்பிடப்படும் ஆளாகிவிட்டார். ஆளைத் தடியோடு கட்டுவதும் வாகனம் பிடிப்பதும் அவர் வேலை. வைத்தியசாலையில் மருந்து ஏறத் தொடங்கும்போது, வாசலில் நிற்கும் உறவினரிடம் அவர் ஒன்றை மறக்காமல் சொல்லுகிறார்: "இப்ப கொஞ்சம் சொறியும், நடுங்கும். மிஸ் பக்கத்திலை நிக்கிறா. கழட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

உங்கள் கிராமத்திலும் மாதர் சங்கக் கூட்டத்திலோ கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலோ இந்தக் கட்டுரையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். அடுத்த அரிவு வெட்டு வருமுன் கடி பட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்த வாகனம், எந்த வைத்தியசாலை என்று பேசித் தீர்மானித்து வையுங்கள். பாம்பு நேரம் பார்த்துக் கடிப்பதில்லை.